கறுப்பியின் வயிறு

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மூன்று தடவை முட்டை வைத்தேன். முதல் தடவை 12 முட்டை. ஒரு குஞ்சும் இல்லை. இரண்டாம் தடவை 12 முட்டை, 2 குஞ்சு. அதிலும் ஒன்று மறுநாளே போய்விட்டது. மூன்றாம் தடவை 11 முட்டை, 7 குஞ்சு. முதல் இரண்டு தடவையும் குஞ்சு பொரிக்கும் பெட்டி செய்தேன். மூன்றாம் தடவை கோழியைச் செய்தேன்.

வீடு இலங்கையின் மலைநாட்டில், ஹட்டனைத் தாண்டி டிக்கோயாப் பக்கம், தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். பகலில் டவுனில் ஒரு கடையில் ஃபேன், ரேடியோ, போன் சார்ஜர் திருத்துகிற வேலை. அதனால் குஞ்சு பொரிக்க வேண்டும் என்றதும் என் கை சோல்டரிங் அயனைத்தான் தேடியது. வீட்டில் நாற்பது வருஷமாகக் கோழி வளர்க்கிற அம்மாயி ஒருத்தர் அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறார் என்பது அப்போது தோன்றவில்லை.

முதல் முயற்சி 2022 மார்ச். ரிஜிஃபோம் (தெர்மோகோல்) மீன் பெட்டி, அதற்குள் 40 வாட் பழைய மஞ்சள் பல்பு, ஒரு தெர்மாமீட்டர். அந்த மாதக் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். என் முட்டைகளுக்கும் ஞாபகம் இருந்திருக்கும், இருந்திருந்தால். அதைப் பற்றி வேறு எழுத ஒன்றுமில்லை.

இரண்டாம் முயற்சிதான் என்னை உண்மையில் குழப்பியது. 2023 ஜூன். முட்டை விலை ஏறி, இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்துகொண்டிருந்த வருஷம். இந்தத் தடவை சாமான் எல்லாம் சரியாக இருந்தது. டபிள்யூ 1209 என்று ஒரு சின்னத் தெர்மோஸ்டாட் பலகை கிடைக்கும்; 12 வோல்ட்டில் ஓடும், ரிலேயோடு வரும், 0.1 பாகை செல்சியஸ் வரை காட்டும். அதை வாங்கிப் போட்டேன். முதல் இரவு பல்பு எரியவே இல்லை. வயரைக் கழற்றிக் கழற்றிப் பூட்டினேன். கடைசியில் பார்த்தால் பலகை குளிரூட்டும் நிலையில் இருக்கிறது. பி0 என்ற இடத்தில் 'சி' என்று இருப்பதை 'எச்' என்று மாற்ற வேண்டும். பி1 என்பதும் 2 பாகையில் நிற்கும். அதாவது 2 பாகை இறங்கிய பிறகுதான் திரும்பச் சூடாக்கும். முட்டைக்கு அது அதிகம். 0.5க்குக் குறைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வாங்குகிறவர் யாரும் இந்த இரண்டிலும் தடுக்கி விழக்கூடாது என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

பெட்டிக்குள் ஒரு குட்டி ஃபேனும் இருந்தது. காற்று ஓடுகிற பெட்டிக்குப் புத்தகத்தில் உள்ள சூடு 37.5 பாகை. என் பெட்டி இருபத்தொரு நாளும் அதில் நின்றது. முட்டையை நாளுக்கு மூன்று தடவை திருப்பினேன். பதினெட்டாம் நாள் திருப்புவதை நிறுத்தினேன். எல்லாம் சொன்னபடி. இருபதாம் நாள் நான்கு முட்டை கொத்துப்பட்டது. அதற்குப் பிறகு ஒரு நாள் முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. ஓட்டில் ஒரு சின்ன முக்கோண ஓட்டை. அதற்குள் ஒரு அலகு மூச்சு வாங்குகிறது, அவ்வளவுதான். ஓட்டுக்கு உள்ளே இருக்கிற வெள்ளைத் தோல் காய்ந்து, பழைய வார்னிஷ் மாதிரி மஞ்சளாகிக் குஞ்சின் முதுகில் ஒட்டிப் போயிருந்தது. திரும்ப முடியாத குஞ்சு எப்படி ஓட்டை வெட்டி வெளியே வரும்? இரண்டு வந்தன. மற்றவற்றை உடைத்துப் பார்த்தபோது ஏழு முழுக் குஞ்சாக, இறகெல்லாம் வைத்து, செத்துக் கிடந்தன.

காய்ந்து செத்திருக்கின்றன. அதுதான் என்னால் நம்ப முடியவில்லை. வெளியே ஜூன் மாத மலை. மூன்று நாளாகத் துணி காயவில்லை. கொழுந்துக்குப் போன அம்மா இடுப்பில் கட்டிய படங்குச் சீலை இரவு முழுக்க அடுப்புக்கு மேல் தொங்கியும் காலையில் ஈரமாகத்தான் இருந்தது. இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) நின்றால் எதிர் லயம் மிஸ்டில் தெரியாது. இந்த ஈரத்தில் ஒரு முட்டை எப்படிக் காயும்?

ஈரப்பதம் காட்டுகிற சின்ன மீட்டர் ஒன்றைக் கடையிலிருந்து கொண்டுவந்து, குஞ்சு போன வெறும் பெட்டிக்குள் வைத்தேன். 26 சதவீதம். பழுது என்று நினைத்து வெளியே எடுத்தேன், 92. உள்ளே வைத்தேன், மறுபடியும் 26.

யோசித்தால் விஷயம் எளிதுதான். 15 பாகைக் காற்று நிறைந்திருந்தாலும் அதில் உள்ள தண்ணீர், ஒரு கன மீட்டருக்குக் கிட்டத்தட்ட 13 கிராம். அதே காற்றை 37.5 பாகைக்குச் சூடாக்கினால் அது 45 கிராம் வரை கேட்கும். கையில் இருப்பது 13, பசி 45. அந்தப் பசிக்கு வேறு எங்கும் தண்ணீர் கிடைக்காவிட்டால் முட்டை ஓட்டின் நுண்துளை வழியாக உறிஞ்சும். முதல் பதினெட்டு நாளைக்கு 50 சதவீதத்தை ஒட்டியும், கடைசி மூன்று நாளைக்கு 65 முதல் 70 வரையும் வேண்டும் என்பது பொதுக் கணக்கு. கொழும்பிலே பெட்டி வைத்தால் காற்றே பாதி வேலையைச் செய்துவிடும். இங்கே குளிர்காற்றைச் சூடாக்குகிற ஒவ்வொரு நிமிஷமும் பெட்டிக்குள் பாலைவனம். போதாததற்கு உயரம் வேறு. ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,270 மீட்டர். காற்றழுத்தம் குறைந்த இடத்தில் ஓட்டு வழியே நீராவி இன்னும் சுலபமாக வெளியேறும்.

பெட்டிக்குள் தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் தீர்ந்தது என்று சொல்வீர்கள். நானும் அதைத்தான் அம்மாயியிடம் சொன்னேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார்: "கோழி எந்தக் கிண்ணத்தை வச்சிச்சு ராசா?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் 2024 ஜனவரியில் கறுப்பியோடு இருபத்தொரு நாள் கழித்தேன்.

கறுப்பி எங்கள் நாட்டுக்கோழி. வருஷத்தில் மூன்று தடவையாவது அடைக்கு வரும். இறகைச் சிலிர்த்துக்கொண்டு 'க்ளக் க்ளக்' என்று கேறிக்கொண்டு திரியத் தொடங்கினால் அம்மாயிக்குப் புரிந்துவிடும். பழைய கொழுந்துக் கூடை ஒன்றின் அடியில் ஈரமான புல்தரையை மண்வெட்டியால் ஒரு தட்டளவு வெட்டிக் கவிழ்த்துப் போட்டார். அதன்மேல் காய்ந்த மானாப்புல். கையை முட்டியாக்கி நடுவில் ஒரு குழி. குழிக்குள் 11 முட்டை. ஒற்றைப்படையில்தான் வைக்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். ஓரத்தில் ஒரு இரும்பு ஆணி, ஒரு துண்டு அடுப்புக்கரி, இரண்டு காய்ந்த மிளகாய். இடி இடித்தால் முட்டை கெடாமலிருக்க. ஆணி என்ன செய்யும் என்று கேட்கப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கூடைக்கு எதிரே பழைய போன் ஒன்றை வைத்துப் படம் எடுத்தேன். கறுப்பி கூடையை விட்டு இறங்குவது நாளுக்கு ஒரே ஒரு தடவை, பத்து மணி வாக்கில், இருபது நிமிஷம். இறங்கியதும் ஒரு பெரிய, நாற்றமடிக்கிற எச்சம். அப்புறம் தண்ணீர், தீனி, அடுப்புச் சாம்பல் குவியலில் ஒரு குளியல். திரும்பி வரும்போது ஈரப் புல்லில் நடந்த வயிறு நனைந்திருக்கும். அப்படியே வந்து உட்காரும். உட்கார்ந்த பிறகு அலகின் அடிப்பக்கத்தால் முட்டையை இழுத்துத் தன் பக்கம் உருட்டும். ஓரத்து முட்டை நடுவுக்கு வரும், நடு முட்டை ஓரத்துக்குப் போகும். இதை இரவும் பகலுமாகச் செய்துகொண்டே இருந்தது. ஒரு நாள் பதிவை முழுக்க ஓடவிட்டு எண்ணினேன், 31 தடவை. நான் மூன்று தடவை திருப்பிவிட்டுப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

எட்டாம் நாள் இரவு, கறுப்பி அரைத் தூக்கத்தில் இருக்கும்போது அடியில் கையை விட்டேன். இரண்டு கொத்து வாங்கினேன், பரவாயில்லை. வயிற்றில் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு இறகே இல்லை. வெறும் தோல், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரி கொதிக்கிறது, லேசாகப் பிசுபிசுக்கிறது. அந்தத் தோல் முட்டையின்மேல் அப்படியே படிந்து கிடக்கிறது. முட்டைக்கும் தோலுக்கும் நடுவே காற்று என்று ஒன்று இல்லை. சுற்றிவர இறகு, கதவுச் சந்தில் துணி அடைத்த மாதிரி மூடியிருக்கிறது. முட்டையின் அடிப்பக்கத்தைத் தொட்டேன். அது சுமாரான வெதுவெதுப்புதான். அதற்குக் கீழே புல் குளிர்ச்சி, அதற்குக் கீழே ஈர மண்.

கிண்ணம் எங்கே என்ற கேள்விக்கு அங்கேதான் பதில் இருந்தது. கோழி காற்றைச் சூடாக்குவதே இல்லை. முட்டையைத் தொட்டுச் சூடாக்குகிறது, அதுவும் மேலிருந்து. சூடான காற்று இல்லாததால் தண்ணீரைக் குடிக்கவும் ஆளில்லை. கொஞ்சம் குறைந்தால் கீழே மண் கொடுக்கும். நான் பெட்டி நிறையக் காற்றைச் சூடாக்கி, அதற்கு ஃபேனும் போட்டு, வடகம் காய வைக்கிற வேலையைத்தான் செய்திருக்கிறேன்.

மறுநாள் கறுப்பி இறங்கியபோது சென்சரை இரண்டு முட்டைக்கு நடுவில் செருகி வைத்தேன். கோழி உட்கார்ந்த ஒரு மணித்தியாலத்தில் மேல்பக்கம் 38.9. வேறொரு நாள் அடிப்பக்கத்தில் வைத்தேன், 34. கோழி இருபது நிமிஷம் வெளியே போய் வந்தபோது மேல்பக்கம் 32க்கு இறங்கியிருந்தது. அதற்காக எந்த முட்டையும் சாகவில்லை. முட்டை குளிரைப் பொறுக்கும், சூட்டைத்தான் பொறுக்காது. 40ஐத் தாண்டிச் சில மணித்தியாலம் நின்றாலே உள்ளே கரு தவித்துவிடும்.

அந்த இருபது நிமிஷத்தில் நான் செய்த இன்னொரு வேலை, பென்சிலால் அடையாளம் போட்ட மூன்று முட்டையைச் சமையல் தராசில் நிறுப்பது. 52 கிராமில் தொடங்கிய முட்டை பதினெட்டாம் நாள் 46. அதாவது 11 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே. முட்டை பொரிக்கும் வரைக்கும் 12 முதல் 14 சதவீதம் எடை குறைய வேண்டும் என்பது கணக்கு. கறுப்பி எந்த மீட்டரும் இல்லாமல் அங்கே போய் நின்றது. 11இல் 10 குஞ்சு. மற்றது கூமுட்டை.

இனி வேலைக்கு வருவோம். எனக்கு வேண்டியது கோழி அல்ல, கோழியின் வயிறு. மெத்தென்று, முட்டையின் வளைவுக்கு வளைந்து கொடுத்து, மேலிருந்து சூடு தர வேண்டும். பாமசியில் விற்கிற ரப்பர் சுடுதண்ணிப் பைதான் பொருந்தியது. அதில் தண்ணீரை இரண்டு விரல் தடிப்புக்கு மட்டும் ஊற்றி, காற்றைப் பிதுக்கி வெளியேற்றி மூடினேன். நிறைய ஊற்றினால் பை கல்லு மாதிரி நிற்கும், வளையாது. ஒரு பழைய ஃபிளனல் துண்டில் அதைச் சுற்றினேன். பைக்கு மேலே ஒரு சதுர பிஸ்கட் டின். டின்னுக்குள் ஒரு பல்பு, டின்னின் அடித்தகட்டை ஒட்டினாற்போல, ஆனால் தொடாமல். மூடியின் உள்ளே சமையலுக்குப் பாவிக்கும் அலுமினியத் தாள். வெளியே நாலு பக்கமும் மேலும் சாக்கு. சூடு கீழே மட்டும்தான் இறங்க வேண்டும்.

ஈரம், தகரம், 230 வோல்ட் மூன்றையும் ஒரே கூடையில் வைப்பதில் எனக்கு விருப்பமில்லை. கடையில் ஷாக் அடித்து வந்த ஆட்களை நிறையப் பார்த்தாயிற்று. ஆகவே பல்பு, த்ரீவீல் (ஆட்டோ) சிக்னலுக்குப் போடுகிற 12 வோல்ட் 21 வாட் பல்பு. எல்இடி அல்ல, பழைய கம்பிப் பல்பு. நமக்கு வேண்டியது வெளிச்சமில்லை, சூடு. தெர்மோஸ்டாட்டும் 12 வோல்ட். இரண்டுக்கும் ஒரே பெட்டரி, பெட்டரிக்கு ஒரு சார்ஜர். கரண்ட் போனாலும் இரவு முழுக்கத் தாங்கும். பெட்டரி மாமாவுடையது. அவருடைய த்ரீவீல் அப்போது எஞ்சின் வேலைக்கு நின்றிருந்தது. "மூணு கிழமைக்கு மட்டும் மாமா" என்று சொல்லித்தான் கழற்றிக்கொண்டு வந்தேன்.

சென்சரை நம்புவதற்கு முன் சரிபார்க்க வேண்டும். கொதிக்கிற தண்ணீரில் வைத்து 100 காட்டுகிறதா என்று பார்க்கலாமென்று சிலர் சொல்வார்கள். மலையில் அந்த வேலை ஆகாது. எங்கள் உயரத்தில் தண்ணீர் 96 பாகையை ஒட்டியே கொதித்துவிடும். காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரையும் சென்சரையும் சேர்த்து ஒரு கோப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டேன். தெர்மாமீட்டர் 38.0, சென்சர் 37.2. அந்த 0.8ஐ பி4 என்ற இடத்தில் கூட்டிப் போட்டேன். முக்கால் பாகை சின்ன விஷயமில்லை. அதைத் திருத்தாமல் விட்டிருந்தால் முட்டை வெந்துபோகாது, ஆனால் கடைசி நாள் குஞ்சுகளைத் தேடிக்கொண்டிருந்திருப்பேன்.

கூடைக்குள், கடையில் வாங்கின லேயர் முட்டை 11ஐ வைத்து இரண்டு நாள் ஒத்திகை பார்த்தேன். பண்ணையில் சேவல் இல்லாத முட்டை. பொரிக்காது, ஒத்திகைக்குப் போதும். நல்லவேளை பார்த்தேன். தெர்மோஸ்டாட் 38.9இல் பல்பை நிறுத்தியது. பைக்குள் இருந்த தண்ணீர் நிறுத்தவில்லை. சூடு மெதுவாக இறங்கி இறங்கி முட்டை மேலே 40.4 வரை போனது. தண்ணீர் மெதுவாகச் சூடாகும், மெதுவாகத்தான் ஆறும். கரண்ட் இல்லாத நேரத்தில் நமக்கு உதவுகிற குணமே இங்கே வில்லங்கமாகிவிட்டது. டின்னுக்கும் பைக்கும் நடுவே ஒரு மடிப்புச் சாக்கு வைத்தேன். பல்பைக் கொஞ்சம் உயர்த்தினேன். தெர்மோஸ்டாட்டை 38.4இல் வைத்தேன். அதற்குப் பிறகு 38.2க்கும் 39.1க்கும் நடுவில் ஊஞ்சலாடியது. இன்னும் நெருக்கமாகக் கொண்டுவரலாம் என்றுதான் என் தொழில் புத்தி சொன்னது. கறுப்பியின் கணக்கைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். ஒத்திகை முட்டையை வீட்டில் யாரும் சாப்பிட மாட்டேன் என்றுவிட்டார்கள்.

பொரிக்கிற முட்டை மேல் லயத்திலிருந்து வந்தது. அங்கே எட்டுக் கோழிக்கு ஒரு சேவல். ஐந்து நாளுக்குள் இட்டவை மட்டும், நடுத்தர அளவு, கழுவாதது. முட்டைக்கு மேலே ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது. கழுவினால் அது போய் அழுக்கு உள்ளே இறங்கும். சேர்த்து வைக்க ஃபிரிட்ஜ் வேண்டாம். 15 முதல் 18 பாகை இருந்தால் நல்லது. எங்கள் பின் காம்பராவே (அறையே) அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. முட்டை வைக்கத் தொந்தரவு தருகிற அதே குளிர் முட்டையைச் சேமிக்க இனாம். கூர்ப்பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, தோட்டத்து ரோட்டில் குலுங்கி வந்த முட்டை அடங்கட்டுமென்று ஒரு நாள் விட்டேன். பிறகு ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம், பென்சிலால். கூடைக்கு அடியில் ஈரப் புல்தரை, மானாப்புல், குழி. அம்மாயி வந்து ஆணி, கரி, மிளகாய் மூன்றையும் வைத்துவிட்டுப் போனார். நான் வாய் திறக்கவில்லை.

வைத்த நாள் 2024 ஏப்ரல் 20.

முதல் கிழமை வேலையெல்லாம் ஒரே மாதிரி. காலை ஐந்தரைக்கு, கடைக்குப் போகுமுன், மத்தியானம் அம்மாயி, வந்ததும், படுக்குமுன்: ஐந்து தடவை. திருப்புவதோடு ஓரத்து முட்டையை நடுவுக்குத் தள்ள வேண்டும். ஒரு தண்ணிப்பைக்கு நடுவில் ஒரு சூடு, ஓரத்தில் ஒரு சூடு; கோழிக்கும் அப்படித்தான், அதனால்தான் அது ஓயாமல் உருட்டுகிறது. காலை பத்து மணிக்கு அம்மாயி பையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு முட்டையைப் பதினைந்து நிமிஷம் ஆறவிடுவார். அதற்கு அவர் வைத்த பெயர் "கோழி வெளிக்கிப் போற நேரம்". மூடும்போது ஃபிளனலின் அடிப்பக்கத்தை வெதுவெதுத் தண்ணீர் தொட்டு லேசாக நனைப்பது. ஈர வயிற்றுக்குப் பதில் அது.

ஏழாம் நாள் இரவு, லைட்டை நிறுத்திவிட்டு டோர்ச் வெளிச்சத்தில் பார்த்தோம். முட்டையின் மொட்டைப் பக்கத்தில் டோர்ச்சை ஒட்டிப் பிடித்தால் உள்ளே சிலந்தி தெரியும்: நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு, அதிலிருந்து எட்டுத் திசைக்கும் சிவப்பு நரம்பு. பொட்டு ஒரு துள்ளு துள்ளியது. தங்கச்சி டோர்ச்சைக் கீழே போட்டுவிட்டாள். ஒன்பதில் சிலந்தி இருந்தது. இரண்டு தெளிந்து கிடந்தது, கூமுட்டை. எடை 5 சதவீதம் குறைந்திருந்தது, சரியான வழி.

பதினோராம் நாள் சென்சர் வயர் எலி கடித்துப் போனது. கடையில் மாற்று வாங்கி வர அரை நாள். அந்த அரை நாளும் அம்மாயிதான் தெர்மோஸ்டாட். எகிப்தில் மண்சூளை கட்டி ஆயிரக்கணக்கில் முட்டை பொரிக்கிறவர்கள் முட்டையைக் கண் இமையில் ஒற்றிச் சூடு பார்ப்பார்களாம் என்று எங்கேயோ படித்ததை அவரிடம் சொல்லிவிட்டுப் போனேன். அவர் பல்பு வயரைப் பெட்டரியில் ஒரு தடவை தொடுத்து, ஒரு தடவை கழற்றி, நடுநடுவே முட்டையை இமையில் ஒற்றிக்கொண்டு இருந்திருக்கிறார். புது சென்சரைப் போட்டதும் காட்டியது 38.3. "கொஞ்சம் குறைவா?" என்று கேட்டார்.

பதினாலாம் நாளுக்கு மேல் ஒரு மாற்றம். பல்பு எரிகிற நேரம் குறைந்துகொண்டே வந்தது. முதல் கிழமையில் பாதி நேரம் எரிந்த பல்பு, பதினாறாம் நாள் கால்வாசி நேரம்கூட எரியவில்லை. சார்ஜர் பழுது, சென்சர் இடம் மாறிவிட்டது என்றெல்லாம் தேடினேன். ஒன்றுமில்லை. குஞ்சு வளர வளர உள்ளேயிருந்து அதுவே சூடு விடத் தொடங்குகிறது. அடுப்பு இப்போது எட்டு இருக்கிறது, ஒன்பதாவது என்னுடையது. எட்டு என்கிறேன், ஏனென்றால் பதினாலாம் நாள் டோர்ச்சில் ஒன்றில் நரம்பு கலைந்து ஒரு இரத்த வளையம் மட்டும் நின்றது. அதை எடுத்துவிட்டேன். விட்டு வைத்தால் வெடித்து மற்றதையும் கெடுக்கும்.

பதினெட்டாம் நாள் திருப்புவதை நிறுத்தி, கூடை ஓரத்தில் இரண்டு மூங்கில் சீவலைக் குறுக்காக வைத்துப் பையை ஒரு விரல் அளவு உயர்த்தினேன். கறுப்பியும் கடைசி நாட்களில் பாதி எழும்பின மாதிரித்தான் உட்கார்ந்திருந்தது. ஓடு உடைய இடம் வேண்டுமே. புல்தரைக்கு அரைக் கோப்பைத் தண்ணீர், ஓரமாக. ஃபிளனலை நன்றாக நனைத்துப் பிழிந்தேன். மீட்டர் 68.

பத்தொன்பதாம் நாள் இரவு முட்டைக்குள்ளிருந்து 'சீக்' என்று ஒரு சத்தம். ஜனவரியில் எடுத்த படத்தில் கறுப்பி கேறுகிற சத்தம் இருந்தது. போனைக் கூடைக்குப் பக்கத்தில் வைத்து மெதுவாக ஓடவிட்டேன். உள்ளேயிருந்து பதில் வந்தது. ஒன்று, அப்புறம் இரண்டு, அப்புறம் கூடை முழுக்க. அதனால் பொரிப்பது கூடியதா என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் இரவு பன்னிரண்டு மணி வரை நானும் தங்கச்சியும் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். வெளியே வாசலில் படுத்திருந்த உண்மையான கறுப்பி எழும்பிக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றது.

முதல் கொத்து இருபதாம் நாள் காலை. இந்தக் கட்டத்தில்தான் எல்லோருடைய கையும் அரிக்கும். மூடியைத் திறந்து திறந்து பார்க்கக்கூடாது. திறந்தால் ஈரம் போகும், போனால் தோல் காயும். குஞ்சுக்கு உதவி செய்கிறேன் என்று ஓட்டை உரிக்கவும் கூடாது. கொத்தியதற்கும் வெளியே வருவதற்கும் நடுவே 12 மணித்தியாலம், சில நேரம் 24கூட ஆகும். அந்த நேரத்தில் அது சும்மா இருப்பதில்லை. மிச்ச மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறது, தோலில் ஓடுகிற இரத்தத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டிருக்கிறது. அவசரப்பட்டு உரித்தால் இரத்தம் கொட்டும். அந்த மஞ்சள் கருதான் பிறந்து இரண்டு நாளைக்குத் தீனியும் தண்ணீரும். அதனால் முதல் குஞ்சு வந்துவிட்டதே, பட்டினி கிடக்கிறதே என்று கூடையைத் திறக்கவும் வேண்டாம்.

முதலாவது வந்தது அன்றிரவு ஒன்பதரைக்கு. ஓட்டைச் சுற்றி, டின் வெட்டுகிற மாதிரி வட்டமாகக் கொத்திக்கொண்டு வந்து, கழுத்தால் ஒரு தள்ளு. தொப்பி கழன்றது. நனைந்த பூனை வால் மாதிரி ஒன்று வெளியே விழுந்து மூச்சு வாங்கியது. உள்தோலைப் பார்த்தேன். வெள்ளை, ஈரம், நரம்பு மட்டும் மெல்லிய கோடாக. போன வருஷம் பார்த்த அந்த வார்னிஷ் மஞ்சள் எங்கேயும் இல்லை. குஞ்சைவிட அந்தத் தோலைத்தான் நான் அதிக நேரம் பார்த்திருப்பேன்.

மறுநாள் மாலைக்குள் ஏழு. எட்டாவது கூர்ப்பக்கத்தில் கொத்தியிருந்தது. காற்று இருப்பது மொட்டைப் பக்கத்தில். தலை இந்தப் பக்கம் திரும்பிவிட்டால் மூச்சுக்குத் திண்டாடும். அதுவும் அப்படித்தான் போனது.

பையைக் கழற்றவில்லை. மூங்கிலை இன்னும் நான்கு விரல் உயர்த்தி, ஃபிளனலின் விளிம்பைக் கத்தரிக்கோலால் கீற்றுக் கீற்றாக வெட்டித் தொங்கவிட்டேன். முதல் கிழமைக்கு 33 பாகை, பிறகு கிழமைக்கு 3 பாகை வீதம் குறைப்பது என்று ஏற்பாடு. தீனி தின்ன வெளியே வரும், குளிர்ந்தால் கீற்றுக்குள் புகுந்துவிடும். இரவில் ஏழு அலகும் ஃபிளனல் விளிம்பில் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும். ராணிக்கெட் என்ற கோழிநோய்க்கான தடுப்பு மருந்துக்கு மிருக வைத்தியரிடம் பதிந்தாயிற்று.

குஞ்சு பொரித்த ஒன்பதாம் நாள் காலை ஏழு மணிக்கு மாமா வந்து நின்றார். எஞ்சின் வேலை முடிந்துவிட்டதாம். "மூணு கிழமைன்னு சொன்னியேடா, இப்ப நாலு ஆச்சு" என்றார். பெட்டரியைக் கழற்றிக் கொடுத்தேன். ஏழு குஞ்சும் ஆறிப்போன பைக்கு அடியில் கத்தத் தொடங்கின. அம்மாயி எழும்பிப்போய் அடுப்பில் தண்ணீர்க் கேத்தலை வைத்தார்.